பதினாறில் வைத்த பழி

...இன்னும் நடுங்கவில்லையே பெரியவர், இல்லை, அதோ, பேனா பிடித்த விரல் நுனி வெளுத்துவிட்டது, முதலில் அதுதான் வெளுக்கும், குளிர் பட்டால் உடம்பு கஞ்சனாகிவிடும், கை கால்களுக்குப் போகிற ரத்தத்தைச் சுருக்கி நெஞ்சுக்குள் பதுக்கிக்கொள்ளும், அப்புறம் மயிர்க்கால் குத்திட்டு நிற்கும், அதற்கப்புறம்தான் தாடை ஆடும்... இதையெல்லாம் கம்பளி மேடம் தேடித் தேடிப் படித்து வைத்திருக்கிறாள், பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்தவள் இல்லை. கம்பளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்ன, ஏசிக்கு நேர் கீழே சால்வைக்குள் சுருண்டிருக்கிறாரே பெரியவர், அவர் வைத்தது, அவர் இந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது. ஏசிக்குக் கீழே அந்த நாற்காலியில் அப்போது அவள். தலைவர் யாரோ அவர் டிராயரில்தான் ரிமோட் இருக்கும், ஆபீஸ் முத்திரை அநாதையாக மேஜையில் கிடக்கும், ரிமோட்டுக்கு மட்டும் பூட்டு சாவி, அப்படி ஒரு ஆபீஸ். ஏசியைப் பதினாறு டிகிரியில் வைப்பார் மனிதர், அவருடைய பருத்த உடம்புக்கு அதுவும் போதாது. ஒருநாள் அவள் எழுந்து போய் எல்லார் முன்னாலும் கேட்டாள், சார், கொஞ்சம் ஏத்தி வைங்களேன், பல்லு கிட்டுது என்று. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உடம்புல ரத்தம் ஓடுதா, பச்சத் தண்ணி ஓடுதாம்மா? நாளைக்கு ஒரு கம்பளி கொண்டாந்து போத்திக்கோ." ஆபீசே சிரித்தது. மறுநாளிலிருந்து கம்பளி அக்கா, கம்பளி மேடம், பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் வாயிலும் கம்பளி... சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டாள், வேறென்ன செய்ய, பல்லைக் கடித்தால் நடுக்கம் என்பார்கள்.

இப்போது அவர் ஓய்வுபெற்று, வீட்டில் யாருக்கும் வேண்டாதவராகி, ஆலோசகர் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறார், அவளுக்குக் கீழே. தைராய்டாம், உள்ளே எரிகிற அடுப்பைத் தணித்துவிட்டதாம், பாதி ஆளாகத் தளர்ந்துவிட்டார், நல்ல வெயிலிலும் ஸ்வெட்டர். இடம் எங்கேம்மா என்று கேட்டாரே, அந்த ஒரு நொடி இருக்கிறதே... "வேற இடமே இல்ல சார், அங்கதான்." அடடா, என்ன பணிவு அந்தக் குரலில். அவளுக்கும் காரணம் இல்லாமலா, ஐம்பதைத் தொடுகிறாள், நெஞ்சிலிருந்து கிளம்புகிற சூடு கழுத்தேறிக் காதைச் சுட்டுவிட்டு நெற்றியில் கொட்டுகிறது. மூளைக்குள்ளே சூட்டைப் பார்த்துக்கொள்கிற ஒரு துளி இடம் இருக்கிறதாம், இந்த வயதில் அது தடுமாறுமாம், டாக்டரம்மா சொன்னாள். ஆக யாரும் குறை சொல்ல முடியாது, மேடத்துக்கு வேர்க்குது, மேடம் பதினாறில் வைக்கிறார், அவ்வளவுதான். தினமும் பூட்டைத் திறந்து, ரிமோட்டை ஏசிக்கு நீட்டி, எண் தெரிகிற கண்ணாடி எப்போதோ செத்துப்போனதால் கணக்குப் பார்த்து அழுத்துவாள், அவர் சால்வையை இழுத்துப் போர்த்துவார், இவள் கழுத்தில் அந்தக் கணமே ஜிலுஜிலுவென்று... கேட்கட்டும், எல்லார் முன்னாலும் எழுந்து வந்து கேட்கட்டும், அதுவரை விடுவதாக இல்லை, கேட்டால் சொல்ல வேண்டிய பதில்கூடத் தயாராக இருக்கிறது, ஒரு கம்பளி கொண்டாந்து போத்திக்கோங்க சார் என்று. ஆனால் அழுத்தக்காரர், வாயைத் திறக்கிறாரா பாரேன், இன்னும் ஒரு தடவை அழுத்தலாம்... வேர்த்த கையிலிருந்து ரிமோட் வழுக்கி விழுந்தது, பின்மூடி தெறித்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே காலி. பேட்டரியே இல்லை.

"அத நான்தான் எடுத்துச் செவுத்துக் கடிகாரத்துல போட்டேன் மேடம், பெரியவர் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே. அன்னிக்கு டிராயரைத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க. ரிமோட்டு எதுக்கு, மெயினப் போட்டா, மெக்கானிக்கு வெச்ச இருபத்தாறுல அதுபாட்டுக்கு ஓடுதே, யாருக்கும் தொந்தரவில்லாம."

இருபத்தாறா... அப்படியானால் இத்தனை நாள் அந்த மனிதர் நடுங்கியது அவர் உடம்பு தானாக நடுங்கியதா, அதில் இவள் கைவரிசை ஒன்றுமே இல்லையா, அட பாவி, ஒரு பழி வாங்கக்கூட வக்கில்லையா எனக்கு, சரி, அப்போது என் கழுத்து ஜில்லென்று ஆனதே, அது எந்தக் காற்றில் ஆனது? மூடியைச் சட்டென்று மாட்டினாள். நிமிர்ந்தால் எதிரே சால்வை.

"மேடம்." மேடமாமே. ஆபீஸ் மொத்தமும் தட்டச்சை நிறுத்திக் காதைத் தீட்டியது. "தப்பா நெனச்சுக்காதீங்க, ஏசியக் கொஞ்சம் ஏத்தி வைக்க முடியுமா? முடியலம்மா." தாடை ஆடிற்று. ஒத்திகை பார்த்து வைத்த பதிலைக் கையில் காலி டப்பாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, சொன்னாலும் ருசிக்குமா...

"வெச்சுடறேன் சார்," ரிமோட்டை நீட்டி அழுத்தினாள், ஒன்று, இரண்டு, தாராளமாக இன்னும் இரண்டு.

அவர் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு சால்வையைத் தோளிலிருந்து இறக்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான் உயிர் வந்துச்சு, நல்லா இருங்கம்மா," என்றார், விரல் நுனிகூடச் சிவந்துவிட்டது போலத்தான் தெரிந்தது, அந்த இருபத்தாறிலேயே. கம்பளிக்கு நெஞ்சில் சூடு கிளம்பியது, கழுத்து, காது, நெற்றி, புடவைத் தலைப்பால் ஒற்ற ஒற்ற ஊறியது, வயதா, கோபமா, வெட்கமா, எது வந்தாலும் இந்த உடம்பு ஒரே கதவைத்தானே திறக்கிறது... இனி இதை எதை வைத்து ஆற்றுவது?