பட்டுவுக்குப் பிடித்தவை

வெளியூர் டெலிபோன் கால்களை இணைக்கிற மதுரை ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்த பட்டுவுக்கு எண்பத்தைந்தாம் வருஷம் இருபத்தாறு வயது. ஊரில் பாதிப் பேருடைய குரல் அவளுக்குத் தெரியும். அவள் முகம்தான் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஜவுளிக்கடைக்காரர் சூரத் வியாபாரியோடு போட்ட சண்டையும், மகளின் பிரசவச் செய்திக்குக் காத்திருந்த தாய் பம்பாய் லைனில் அழுத அழுகையும் அவள் காது வழியாகத்தான் போயின. லைன் கிடைத்ததா, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்கிற அளவுக்குத்தான் காது கொடுக்கலாம் என்பது ஆபீஸ் விதி. பட்டு அதை மீறியதில்லை. யாருடைய கதையையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இல்லை.

தன் கதையையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. திருநகர் வீட்டில் அதைக் கேட்க ஆளும் இல்லை. அப்பா ராஜாராமன் நூல் மில் ஒன்றின் டவுன் ஆபீசில் மேனேஜர். ரேடியோ பாடினால், "என்ன இரைச்சல்" என்பார். அம்மா ஜகதாம்பாள் உடனே எழுந்துபோய் அணைத்துவிடுவாள். ஆகவே பட்டு தன் முதல் போனஸில் வாங்கிய டேப் ரிக்கார்டரை அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவாள். அவள் கேட்பதும் கொஞ்சம் விசித்திரம்தான். சினிமாப் பாட்டில் அவளுக்குப் பாட்டு பிடிக்காது. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் வயலின்களும் புல்லாங்குழலும் கிடாரும் அரை நிமிஷம் ஓடுமே, அதுதான் உயிர். பாடுகிறவர் வாயைத் திறப்பதற்குள் பொத்தானை அமுக்கி நிறுத்தி, அடுத்த பாட்டின் நடு இசையை அதோடு ஒட்டி, ஒரு முழு காசெட்டையே அப்படி நிரப்பி வைத்திருந்தாள்.

புத்தகத்திலும் அவள் வழி தனி. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். முடிவு தெரிந்துவிட்டால் நிம்மதியாக மனிதர்களைப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். லெண்டிங் லைப்ரரியிலிருந்து வாரம் இரண்டு புத்தகம் வரும், போகும். அவளுக்கென்றே சொந்தமாக இருந்தது ஒரு நாவல்தான். புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்து போயிருந்ததால் அதன் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. கலங்கரை விளக்கம் காக்கிறவனின் பெண்டாட்டியைப் பற்றிய கதை. புயலில் படகெடுத்துப் போன புருஷன் திரும்பினானா என்று சொல்லாமலே முடிந்துவிடும். அதை மட்டும் அவள் ஏழெட்டுத் தடவை படித்திருந்தாள்.

பெண் பார்க்க வந்த முதல் இருவரையும் அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். ஒருவன் பேசிய நேரமெல்லாம் தன் பிரமோஷனைப் பற்றியே பேசினான். இன்னொருவன் தன் வயிற்றுப் புண்ணைப் பற்றிப் பேசினான். "அவாளோட எனக்குப் பேச என்ன இருக்கு?" என்று அவள் கேட்டபோது, ஜகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்வது பேசுவதற்கா என்று அவளுக்குப் புரியவில்லை. ராஜாராமன் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மூன்றாவதாக ஆவணியில் வந்தவன் வெங்கட்ரமணன். போடியில் ஒரு பாங்கில் வேலை, முப்பது வயது, கொஞ்சம் கூச்சக்காரன். கேசரியும் காப்பியும் முடிந்த பிறகு இருவரையும் கூடத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பாட்டு கேட்பீர்களா என்று கேட்டான். எப்போதாவது என்றாள் பட்டு.

"எனக்குப் பாட்டைவிட நடுவில வர்ற மியூசிக்தான் பிடிக்கும்" என்றான் அவன்.

பட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். உலகத்தில் இந்தக் கிறுக்கு தனக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். பிறகு பேச்சு புத்தகத்துக்கு வந்தது. கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிற கெட்ட பழக்கம் தனக்கு உண்டு என்று அவன் சொன்னபோது அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். எப்போதோ படித்த ஒரு கதை, ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பெண், பெயர் மறந்துவிட்டது என்று அவன் இழுத்தபோது அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவள்தான் பேசினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் அம்மா கேட்டபோது, சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். ஐப்பசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் போர்டில் உட்காரும் செல்லக்கிளியிடம்கூட அவள் இதைச் சொன்னாள். சொந்த விஷயம் என்று அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "எம்புட்டு பொருத்தம்டி!" என்று செல்லக்கிளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை செல்லக்கிளியின் தங்கைக்குச் சீர் செய்கிற வேலை இருந்ததால், அவளுடைய காலை டியூட்டியைப் பட்டு வாங்கிக்கொண்டாள். வழக்கமாக அந்த வாரம் அவளுக்கு மத்தியான ஷிஃப்ட். அன்று அப்பா அவள் எழுவதற்கு முன்பே மில்லுக்குக் கிளம்பிப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் போடியிலிருந்து ஒரு கால் வந்தது. கேட்ட நம்பரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் ஆபீஸ் நம்பர். நூல் சம்பந்தமாக யாரோ என்று நினைத்துக்கொண்டே இணைப்பு வயரைச் செருகி, பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, இரு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்கப் போர்டிலிருந்த கீயைக் கீழே தள்ளிக் காது கொடுத்தாள்.

"சார், நான் வெங்கட்ரமணன்."

"சொல்லுங்கோ மாப்பிள்ளே. அவ மத்தியானம்தான் டியூட்டிக்குப் போவா. தைரியமா பேசுங்கோ."

பட்டுவின் கை கீயின் மேல் அப்படியே நின்றது. லைன் நன்றாகத்தான் இருந்தது. விதிப்படி அவள் கீயை மேலே தள்ளிவிட்டு அடுத்த காலின் விளக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேளே, வந்து என்ன சார் பேசறது? நீங்க சொல்லிக் குடுத்த ஸ்டாக் அன்னிக்கே தீர்ந்துபோச்சு."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் அவள் கேட்டதே இல்லை. "ஒண்ணும் பயப்படாதீங்கோ. அந்தக் கலங்கரை விளக்கம் கதைல புருஷன் செத்துட்டானா இல்லையான்னு நீங்களா கேளுங்கோ. அப்பறம் நீங்க வாயே திறக்க வேண்டாம். மியூசிக்ல எந்த ராகம்னு அவ கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்கோ. அவளுக்கும் தெரியாது. புல்லாங்குழல் முடிஞ்சு வயலின் சேர்ந்து எழும்பற இடம் பிடிக்கும்னு மட்டும் சொல்லுங்கோ. அந்த இடத்தை அவ ரெண்டு தடவை ரிக்கார்டு பண்ணி வெச்சிருக்கா."

பட்டுவுக்குக் காது அடைத்துக்கொண்டது. சுற்றிலும் முப்பது பெண்கள் பேசிக்கொண்டிருந்த அந்த ஹாலில் ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது யாரோ புடவையை உருவிவிட்டது போல உடம்பு கூசிற்று. அந்தக் காசெட்டை அவள் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவள் எதையும் எடுக்கவில்லை.

பழக்கம்தான் அவளை எழுப்பியது. நேரம் முடிந்ததற்கான விளக்கு எரிந்ததும், ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள் தாமாகவே அவள் வாயிலிருந்து வந்தன.

"மூணு நிமிஷம் முடிஞ்சுது. தொடர்ந்து பேசணுமா?"

 பிறகு அப்பாவின் குரல், மிகச் சின்னதாக, "பட்டு?" என்றது. அவள் வயரைப் பிடுங்கினாள்.

சூப்பர்வைசர் வந்து ஏன் கால்களை எடுக்கவில்லை என்று கேட்டதும், தலைசுற்றல் என்று தான் சொன்னதும் அவளுக்குக் கனவு போலத்தான் நினைவிருந்தது. யாரோ வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் ராஜாராமன் நின்றுகொண்டிருந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த ஐந்து வருஷத்தில் அவர் அங்கே வந்ததில்லை. சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. வெகு நேரமாக நிற்கிறார் என்று தெரிந்தது.

அவள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லத் தொடங்கினார். அந்தப் பிள்ளையாகக் கேட்கவில்லை, தான்தான் போடிக்குப் போய் அவனைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தது, நல்ல பையன், குணம் தங்கம், பேசத் தெரியாதவன் என்பதால் இவனையும் அவள் வேண்டாமென்றுவிடுவாள் என்று பயந்துபோனதாகச் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் பட்டு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராஜாராமன் மரத்தைப் பார்த்தார். "வயசுப் பொண்ணு என்ன படிக்கிறாளோன்னு பார்க்கத்தான் முதல்ல எடுத்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் நீ லைப்ரரில திருப்பிக் குடுத்துடுவியேன்னு வேகவேகமா படிக்க வேண்டியதாப் போச்சு."

அவள் டியூட்டிக்குப் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஜகதாம்பாள் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு, காசெட்டைப் போட்டுக் கேட்பாராம். பஸ் டிக்கெட்டை அவள் அடையாளமாக வைப்பது எப்போதும் முதலில் கடைசி அத்தியாயத்தில்தான் என்பதையும் கவனித்திருக்கிறார். ஐந்து வருஷமாக இது நடந்திருக்கிறது.  ரேடியோவை இரைச்சல் என்ற மனிதர், பேப்பரைத் தவிர எதையும் கையில் தொடாத மனிதர், அவள் படித்த ஒவ்வொரு வரியையும் அவள் பின்னாலேயே வந்து படித்திருக்கிறார்.

"அந்தப் புருஷன் திரும்பி வந்துட்டான்னுதான் நான் நினைக்கிறேன்" என்றார் அவர், சம்பந்தமில்லாமல்.

"வரலை" என்றாள் பட்டு. அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வந்த பஸ்ஸில் தனியாக ஏறிக்கொண்டாள். பழங்காநத்தம் தாண்டும்போதுதான் இன்னொன்று அவள் மண்டையில் உறைத்தது. ஆவணியில் அந்தக் கூடத்தில் அவள் மனம் விட்டுப் பேசியது வெங்கட்ரமணனோடு இல்லை, அப்பாவோடு. அதை நினைக்க நினைக்க அழுகையும் வரவில்லை, கோபமும் முழுதாக வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

வெங்கட்ரமணன் இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றான். ஜகதாம்பாளுக்கு இது எதுவும் தெரியாது. பூங்கா வரை போய்விட்டு வருகிறோம் என்று பட்டு சொன்னதற்கே அவள் முகம் சுருங்கியது. பெஞ்சில் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்தார்கள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப் பட்டு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் முந்திக்கொண்டான்.

"வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். உங்கப்பா பேச்சைக் கேட்டது என் தப்புதான், மன்னிச்சுடுங்கோ. ஆனா ஜன்மம் பூரா பரீட்சை எழுதிண்டிருக்க என்னால முடியாது. நான் புஸ்தகமே படிக்கிறதில்லை. பாட்டு கேட்டா தூக்கம் வந்துடும்."

தான் சொல்லவிருந்ததை அவன் சொன்னான்; அதற்கு ஏன் நெஞ்சில் அடி விழுந்தது போல இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.  அவனுக்கு ஏதாவது ஒன்றாவது பிடிக்குமா இல்லையா என்று கேட்டாள், கொஞ்சம் எரிச்சலாகவே.

அவன் முகம் சிவந்தது. தயங்கித் தயங்கிப் பான்ட் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டியை எடுத்தான். அத்திம்பேர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம். கண்ணாடித் திரைக்குள் ஒரு கறுப்புக் குள்ளன் கூடையோடு இங்கும் அங்கும் ஓடி, மரத்திலிருந்து விழும் பழங்களைப் பிடிக்க வேண்டும். போடியிலிருந்து மதுரை வரும் வரை பஸ்ஸில் இதைத்தான் ஆடிக்கொண்டு வந்ததாகச் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் பாங்க் ஸ்டோர் ரூமில் ஒளிந்துகொண்டு ஆடுவானாம். முப்பது வயதுக்காரன், கேஷ் கவுண்ட்டரில் உட்காருகிறவன். பட்டு நம்ப முடியாமல் அவனையே பார்த்தாள்.

"பழம் வேகமா விழ ஆரம்பிச்சதும் ஒரு கட்டத்துல கை தானா போகும். நான் இருக்கறதே எனக்குத் தெரியாது" என்றான் அவன். "இதை யார்கிட்டயும் சொன்னதில்லை."

அவள் கை நீட்டி வாங்கினாள். முதல் பழமே கீழே விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அவன் சிரிக்கவுமில்லை, எப்படி என்று சொல்லிக்கொடுக்கவுமில்லை. வெயில் ஏறும் வரை அவள் ஆடினாள். பிறகு அவன் எழுந்து, பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நமஸ்காரம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று அவள் சொன்னதும் ஜகதாம்பாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் வேண்டாமென்றது என்று ராஜாராமன் கேட்டார். போடிக்காரர்தான் என்றாள் பட்டு. அப்பாவின் முகம் செத்துப்போனதை அவள் பார்த்தாள்.  அந்த வாரம் முழுக்க லைப்ரரிப் புத்தகங்கள் இரண்டும் அவள் மேஜையில் வைத்தது வைத்தபடி கிடந்தன. அவளும் தொடவில்லை, அவரும் தொடவில்லை. யாரிடமும் சொல்லாததை அவன் தன்னிடம் சொன்னானே என்பதுதான் அவளுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டு தலைவாரிக்கொண்டு, கைப்பையோடு கூடத்துக்கு வந்தாள். போடிக்குப் போய்வருவதாகச் சொன்னாள். ஜகதாம்பாளுக்கு முதலில் காதில் விழுந்தது விளங்கவில்லை. விளங்கியதும், "பொண்ணு தானா தேடிண்டு போறதாவது? கேக்கறவா என்ன சொல்லுவா?" என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாமென்று சொன்னவன் வீட்டுக்கு எதற்கு என்றாள். வீட்டுக்கில்லை, பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பேசிவிட்டு வந்துவிடுவேன், நேற்றே பாங்குக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டேன் என்றாள் பட்டு. ஜகதாம்பாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

ராஜாராமன் பேப்பரை மடித்தார்.  "அவன்கிட்ட என்ன பேசப் போறே?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா" என்றாள் அவள்.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரை வந்தார்.  டவுன் பஸ் வந்தபோது அவளை முதலில் ஏறவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து, போடி பஸ் உசிலம்பட்டியில் நிற்கும்போது ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொள் என்று மட்டும் சொன்னார்.