நர்ஸம்மா சொல்லாத வார்த்தை

வாருங்கள் என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் என் பக்கம் வையுங்கள். தன் வாயால் இழுத்த வினையைத் தன் வாயாலேயே தீர்க்கப் பார்த்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

ஒரு தையல் ஆலை. வரிசைக்கு நாற்பது மெஷின், காலடியெல்லாம் நூல் பிசிறு. அத்தனை மெஷின் இரைச்சலுக்கும் மேலே மைக் வைத்தது போல ஒரு பெண்ணின் குரல் கேட்டால், அவள்தான் மைக்கக்கா. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற செக்கர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே சம்பளச் சீட்டில்தான் பார்ப்பாள்.

ஆலைப் பெண்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. நூற்றிருபது பேர். சிலருக்குப் படிக்கத் தெரியாது, பலருக்குப் படிக்கப் பொழுது கிடையாது. அதனால் குழுவுக்கு வருகிற மருத்துவச் செய்திகளை மைக்கக்கா தன் குரலில் படித்துப் போடுவாள். மாதவிலக்கு தள்ளிப்போனால் இது, வெள்ளைப்பட்டால் அது, இடுப்பு வலித்தால் இன்னொன்று. எழுதியவர் யார், எங்கிருந்து வந்தது, அவளுக்கும் தெரியாது. நாலு பேருக்கு நல்லதுதானே என்று நினைத்தாள். கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை. ஆனால் வெறும் செய்தி எடுபடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பாள்: "இது நானே ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட கேட்டு உறுதி பண்ணது." எந்த நர்ஸையும் அவள் கேட்டதில்லை. அந்த வரி இருந்தால் பெண்கள் நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

அவள் புருஷனின் தங்கை அதே வீட்டில் இருந்தாள், அதே ஆலையில் வேலை பார்த்தாள். பொத்தான் துளை போடுகிற காஜா மெஷின். ஒரு நாள் காலையில் அவள் குளியலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

"உள்ள என்ன மாடி வீடா கட்டற? வண்டி வந்துடும்!" மைக்கக்கா கதவைத் தட்டினாள்.

கதவு திறந்ததும் விளக்கெண்ணெய் நெடி அடித்தது. நாத்தனாரின் சட்டையில், இடது மார்புப் பக்கம், எண்ணெய்க் கறை. கறை கண்டுபிடிப்பதே தொழிலாக இருப்பவள் கண்ணுக்கு அது தப்புமா?

"என்னடி இது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சின்னதா ஒரு கட்டி. நாலு மாசமா இருக்கு. வலிக்கவே இல்ல, அதான் யார்கிட்டயும் சொல்லல."

"நாலு மாசமா? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எதுக்கு? அதான் நீங்களே சொல்லிட்டீங்களே." போனை எடுத்து ஒரு பதிவை ஓட விட்டாள். பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள் பாவி மகள்.

"வலிக்கற கட்டிதான் ஆபத்து, கேளுங்க பொண்ணுங்களா. வலிக்காத கட்டி வெறும் கொழுப்பு. விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் குடுத்தா ஆறே மாசத்துல கரைஞ்சிடும். இது நானே ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட..."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு அண்ணி. கரைஞ்சிடும்" என்றாள் நாத்தனார்.

மைக்கக்கா போனை வாங்கி அணைத்தாள். "எதுக்கும் ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"ஐயே, சட்டையக் கழட்டிக் காட்டணும். எனக்குக் கூச்சமா இருக்கு. நர்ஸம்மாவே சொல்லியாச்சு, அப்புறம் என்ன?"

தெருவில் ஆலை வண்டி ஹாரன் அடித்தது. உண்மையைச் சொல்லாமல் இவளை நகர்த்த முடியாது என்று மைக்கக்காவுக்குப் புரிந்தது.

"நர்ஸம்மா சொல்லல."

"என்னது?"

"நான் யாரையும் கேக்கல. சும்மா சேர்த்துச் சொன்னேன்."

நாத்தனார் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "சும்மாவா? நாலு மாசமா நான் தடவிட்டு இருக்கேன். சும்மாவா அண்ணி?"

"என்னைத் திட்டு, நல்லா திட்டு. ஆனா அப்புறமா திட்டு. இப்ப எழுந்து செருப்பு மாட்டு."

ஹாரன் இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது. வண்டி இவர்கள் இல்லாமலே போயிற்று.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் திரையை இழுத்துவிட்டுப் பொறுமையாகச் சோதித்தார். ஸ்கேனுக்கு எழுதினார். ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "இத்தனை நாள் ஏன்மா வரல?"

"யாரோ போன்ல சொன்னாங்க..." என்று நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிலையிலும் அண்ணியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"யாரோ இல்ல டாக்டர். நான்தான் சொன்னேன்" என்றாள் மைக்கக்கா.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நிறைய கட்டி கேன்சர் இல்லம்மா. ஆனா எது கேன்சர், எது இல்லன்னு வலிய வெச்சுச் சொல்ல முடியாது. கேன்சர் கட்டி வலிக்காமலும் இருக்கும். புதுசா எந்தக் கட்டி தெரிஞ்சாலும் வந்து காட்டிடணும். எண்ணெய் தடவிட்டு உக்காரக் கூடாது."

"இத நீங்க சொன்னதா எங்க பொண்ணுங்ககிட்ட சொல்லலாமா?"

"தாராளமா. ஆனா ஒரு வார்த்தையும் கூட்டாம சொல்லுங்க."

பத்தாம் நாள் முடிவு வந்தது. கேன்சர்தான். "முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லது. இப்பவும் கைமீறிப் போயிடல. ஆபரேஷன் பண்ணிடலாம், மருந்து குடுக்கலாம்" என்றார் டாக்டர். நாத்தனார் அழுதாள். மைக்கக்கா அழவில்லை. அழுதால் குரல் கம்மிவிடும், குரல் அவளுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் துணி வெட்டுகிற மேஜை மேல் ஏறி நின்றாள். குழுவுக்கும் போகட்டும் என்று போனில் பதிவை அழுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கப் பேசினாள். "வலிக்காத கட்டி ஆபத்தில்லன்னு நான் சொன்னது தப்பு. நர்ஸம்மாகிட்ட கேட்டேன்னு சொன்னது பொய். அத நம்பி ஒருத்தி நாலு மாசத்தத் தொலைச்சுட்டா." பிறகு டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள்.

"அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. உன் பேச்ச எத நம்பறது?" என்று துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்காரி நொடித்தாள். "யாரு அந்த ஒருத்தி? அதுவும் உன் கற்பனையா?"

"அத அவளேதான் சொல்லணும்" என்றாள் மைக்கக்கா.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "நான்தான்" என்று நாத்தனார் எழுந்து நின்றாள். "எனக்குத்தான். அடுத்த வாரம் ஆபரேஷன்."

ஓவர்லாக்காரியின் கை தானாக அவள் மார்புக்குப் போயிற்று.

சாயங்காலம் கைகழுவுகிற தொட்டி அருகே மூன்று பேர் காத்திருந்தார்கள். அதில் ஓவர்லாக்காரியும் ஒருத்தி. "எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. கூட வரியா?"

மைக்கக்கா நேராக சூப்பர்வைசரிடம் போனாள். "நாளைக்கு மூணு மெஷின் அரைநாள் நிக்கும் சார்."

"யாரைக் கேட்டு?"

"கேக்க வரல சார். சொல்லிட்டுப் போக வந்தேன்."

அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஓவர்லாக்காரிக்கு நீர்க்கட்டி, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனாருக்கு ஆபரேஷன் ஆயிற்று. மருந்தில் முடி கொட்டிற்று, வாய் மட்டும் ஓயவில்லை. ஆறு மாதம் கழித்துக் காஜா மெஷினுக்குத் திரும்பி வந்தாள். இப்போது குழுவில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரே சேர்ந்திருக்கிறார். பெண்கள் கேட்கிறார்கள், தன் குரலில் அவரே பதில் சொல்கிறார்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, "அக்கா, எனக்கு ரெண்டு மாசமா ரத்தப்போக்கு நிக்கவே இல்ல, என்ன பண்றது?" என்று மைக்கக்காவைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்கே நர்ஸம்மாகிட்ட போலாம், வா."

"என்னக்கா, உங்களுக்குத் தெரியாததா?"

நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "தெரியாதுன்னு சொல்றாங்கல்ல, அதனாலதான் எங்க அண்ணிய நம்பச் சொல்றேன். உடம்பு விஷயத்துல தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்றது பாவம். கூச்சப்பட்டு அத நம்பிட்டு உக்காந்திருக்கறது அதவிட ஆபத்து. போ, எழுந்து போய்க் காட்டு."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல, கண்ணுகளா? உங்கள் வீட்டுப் பெண்கள் உடம்பில் ஒன்று என்றால் வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னால் கேட்கும் காதும், கூடவே கிளம்பும் காலும் உங்கள் வீட்டில் குறையாமல் இருக்கட்டும். பிள்ளை குட்டிகளோடு, நோய் நொடி அண்டாமல், நூறு வருஷம் நன்றாக இருங்கள்.