விழப்போகிற பல்லுக்கு

ரோஸிக்குக் கோபம் வரப் பெரிய காரணம் தேவையில்லை. அன்றைக்கோ காரணம் டாக்டரின் கையிலேயே இருந்தது: ஒரு சின்ன ஊசிக்குழல், அதற்குள் மஞ்சளாக ஒரு பசை. ஆறு வயது மகள் லிசாவின் கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை வேர் வரை இறங்கி, இரண்டு நாளாகப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. வேரைச் சுத்தம் செய்து அந்தப் பசையால் அடைக்கப்போவதாக டாக்டர் பரீஹா சொன்னாள்.

"வேரு கரையக் கரைய இதுவும் கரஞ்சிரும் அக்கா."

கரைந்துவிடுமாமே! போன வருஷம் தாராவியின் இதே கிளினிக்கில், இதே நாற்காலியில்தான் பதினைந்து வயது மகன் ஏஞ்சலோவுக்கும் வேர் வைத்தியம் நடந்தது. அவனுக்கு ரப்பர் குச்சி வைத்து அடைத்தார்கள். அது கரையவே கரையாது என்று சொன்னதை ரோஸி மறக்கவில்லை.

"அவனுக்குப் பக்கா, இவளுக்குக் கச்சாவா? பொம்பளப் புள்ளன்னா கரையுதது போதுமா? அவனுக்கு வச்சதயே வைங்க. எங்க வீட்டுக்காரர் போன் பண்ணி இது போதும்னு சொன்னாராக்கும்?"

சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. அவள் கணவன் மிக்கேல்ராஜ் ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற ஆள். அந்த வீட்டில் குழம்பு மீனின் நடுத்துண்டு எப்போதும் ஏஞ்சலோவுக்கு, முள் நிறைந்த வால்துண்டு லிசாவுக்கு. பரிமாறுவது ரோஸிதான் என்பது வேறு விஷயம்.

"ஏஞ்சலோவுக்கு அது விழாத பல்லு அக்கா. இது பால்பல்லு. கீழ இருந்து புதுப்பல்லு வரும்போது இதோட வேரு தானா கரையும். உள்ள வச்ச மருந்தும் கூடவே கரையணும். ரப்பர் வச்சா வழிய மறிச்சு நிக்கும், புதுப்பல்லு கோணிட்டு வரும். இதுல இருக்கது சுண்ணாம்பும் அயோடின் மருந்தும்தான். இந்தப் பல்லுக்கு இதுதான் பக்கா."

சுண்ணாம்பேதானா என்று ரோஸி ஒருதரம் நிமிர்ந்தாள். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. நியாயம் கேட்கிறேன் பேர்வழி என்று மகளின் பல்லைக் கோணலாக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"பாவம், அவரப் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

பரீஹா கையுறையை மாட்டிக்கொண்டே தயங்கினாள். "போன் வந்துச்சு அக்கா. மருந்தப் பத்தி இல்ல. விழப்போற பல்லுதான, பிடுங்கிருங்க, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவுன்னாரு. நான்தான், இப்பவே பிடுங்கினா பக்கத்துப் பல்லு சாஞ்சு எடத்தப் பிடிச்சிரும், பதினோரு வயசு வரைக்கும் இது இருக்கணும்னு சொன்னேன்."

ஓரவஞ்சனையை ரோஸி மருந்தில் தேடிக்கொண்டிருந்தாள். அது வீட்டில் இருந்தது, அவள் கைக் கரண்டியிலும் இருந்தது. லிசா அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"கரையுததயே வைங்க" என்றாள் ரோஸி.

மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, கரண்டி பழக்கத்தில் ஏஞ்சலோவின் தட்டுக்குப் போய்ப் பாதியில் நின்றது. நடுத்துண்டு லிசாவின் தட்டில் விழுந்தது.

"ஏட்டி, என்ன இது?" என்றான் மிக்கேல்ராஜ்.

"அவளுக்கு முள்ளு ஆகாது. பல்லு நோவும்."

"எத்தன நாளைக்கு?"

"பதினோரு வயசு வரைக்கும்" என்றாள் ரோஸி, வால்துண்டை மகனுக்கு வைத்தபடி. "டாக்டர் சொல்லிருக்காவ."