யூரி அழித்த தடம்

டென்னிஸ் என்றால் பந்தை அடிப்பது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் காத்திருப்பது என்பேன். செம்மண் காய வேண்டும், முன்னால் ஆடுகிறவர்கள் முடித்துத் தொலைக்க வேண்டும், மழை வருமா வராதா என்று மேகம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். என் மகன் யூரிக்குக் காத்திருக்கவே வராது. அன்றும் ரிபெய்ரோ பிரேத்தோ கிளப்பில் எங்கள் முறை வருவதற்குள், மட்டையின் பிடியில் சுற்றிய டேப்பைப் பிரித்து, சுற்றி, மறுபடி பிரித்தான்.

"உக்காருடா. உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது."

"உக்காந்தா கால் மரத்துப்போகுதும்மா."

"உக்காந்தாத்தானடா மரத்துப்போகும்? நீ எப்ப உக்காந்த?"

பிரேசிலில் உபெராபா என்கிற ஊரில் நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஊர்ப் பெண்களெல்லாம் தலையை என் கையில் கொடுத்துவிட்டு ஆடாமல் அசையாமல் உட்காருவார்கள். நான் பெற்றதுதான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தது. அதன் கோச் உள்ளூர் கிளப் பிள்ளைகளை விட்டு வர முடியாது என்றதால், போட்டி போட்டியாக கார் ஓட்டுவது என் தலையில் விழுந்தது.

இந்தப் போட்டி மற்றவற்றைப் போல இல்லை. அமெரிக்காவில் ஒரு கல்லூரி யூரியைக் கூப்பிட்டிருந்தது. எங்களுக்காக ஆடு, படிப்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்றார்கள். நான் அபரெசிடா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவனோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியதெல்லாம் உலகத் தரவரிசையில் ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி. அது இருந்தால் அவன் தொழில்முறை ஆட்டக்காரன், இல்லாவிட்டால் மட்டை வைத்திருக்கும் ஒரு பையன். முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் அந்தப் புள்ளி கிடைக்கும். ஒரு வருடமாக ஊர் ஊராகப் போய் அந்த ஒரு ஆட்டத்தைத்தான் தோற்றுக்கொண்டிருந்தான். கடைசியில் வீட்டில் பெரிய சண்டை போட்டு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ரிபெய்ரோவில் புள்ளி கிடைத்தால் அவன் இஷ்டம். கிடைக்காவிட்டால் அமெரிக்கா, மறுபேச்சு கிடையாது. நிபந்தனை போட்டவள் நான்தான்.

தகுதிச் சுற்றெல்லாம் தாண்டி முதன்மைச் சுற்றுக்கு வந்துவிட்டான். எதிரில் ஃபகுந்தோ என்கிற அர்ஜென்டினாக்காரன். நெட்டையான பையன், வாய் அதைவிட நீளம். கூட்டத்தில் ஒருத்தர், "போய் உங்க ஊர் மாத்தே டீயக் குடி, போ!" என்று கத்தினார். அவன் காதில் கை வைத்து, "சத்தமா சொல்லுங்க சார், நீங்க ஃபுட்பால் கப்பு வாங்கி ரொம்ப நாளாச்சு, கேக்கல!" என்றான். எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். முதல் செட் யூரிக்கு, இரண்டாவது அவனுக்கு. மூன்றாவது இழுத்துக்கொண்டே போய், ஏழு பாயிண்ட் எடுப்பவன் ஜெயிக்கிற டைபிரேக்கில் வந்து நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. பையில் இருந்த மாதா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேனே தவிர, அவளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஜெயிக்கட்டும் என்று கேட்டால் பிள்ளை இப்படியே அலைவான். தோற்கட்டும் என்று கேட்க எந்தத் தாய்க்கு வாய் வரும்? நீயே பார்த்துச் செய் என்று விட்டுவிட்டேன்.

டைபிரேக்கில் ஆறுக்கு ஐந்து, யூரி முன்னால். இன்னும் ஒன்றே ஒன்று. அவன் இடக்கையால் சர்வீஸ் போட்டான். ஃபகுந்தோ திருப்பியடித்த பந்து யூரியைத் தாண்டி, பின்கோட்டை ஒட்டிப் போய் விழுந்தது.

"அவுட்!" என்றாள் நாற்காலியில் இருந்த நடுவர்.

அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனுஷனை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அமெரிக்கா, படிப்பு எதுவும் நினைவில் இல்லை. என் பிள்ளை ஜெயித்துவிட்டான்! கீழே யூரி மட்டையை வீசிவிட்டு, நின்ற இடத்திலேயே குதித்தான். குதித்து, சுற்றி, இரண்டு காலையும் தேய்த்து ஒரு ஆட்டம் போட்டான். திருவிழாத் தெருவில்கூட அப்படி யாரும் ஆடிப் பார்த்ததில்லை.

ஃபகுந்தோ மட்டும் கை குலுக்க வரவில்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று விரலை உயர்த்தினான்.

"தடத்தப் பாக்கணும்."

செம்மண்ணில் அதுதான் வழக்கம். பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். ஆட்டக்காரன் கேட்டால் நடுவர் இறங்கி வந்து, அது கோட்டைத் தொட்டதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணும் இறங்கி வந்தாள். பின்கோட்டருகே குனிந்தாள். அங்கே தடம் இல்லை. யூரியின் ஷூ தேய்த்த வட்டம்தான் இருந்தது.

"தடம் எங்க?"

யூரி கீழே பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை நான் மேலே இருந்தே பார்த்தேன்.

"இங்கதான் இருந்துச்சு. வெளியதான் விழுந்துச்சு. நீங்களே அவுட்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். ஆனா அவர் கேக்கறதுக்குள்ள நீங்க அழிச்சிட்டீங்க. அழிச்சவங்க பாயிண்ட விட்டுக்கொடுத்த மாதிரிதான். உங்களுக்கே தெரியும்."

அவனுக்குத் தெரியும். கோர்ட்டில் மண் கூட்டுகிற ஆளுக்குக்கூடத் தெரியும். நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"சந்தோஷத்துல ஆடினது ஒரு குத்தமா? உனக்குப் பிள்ள குட்டி இல்லயா?"

"மேடம், உக்காருங்க. இல்லன்னா உங்க பையனுக்குத்தான் எச்சரிக்க கொடுப்பேன்."

உட்கார்ந்தேன். ஆறுக்கு ஆறு. அடுத்த பந்தை யூரி வலையில் அடித்தான். அதற்கடுத்ததை வானத்தில் அடித்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் போட்ட நிபந்தனைதான் ஜெயித்தது. அவன் படிப்பான், நல்லபடியாக இருப்பான், நான் நிம்மதியாகத் தூங்குவேன். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

உடை மாற்றும் அறை வாசலில் நின்றேன். என்னென்ன சொல்லித் தேற்றுவது என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவன் வரவில்லை. கேன்டீனில் பார்த்தேன், கார் பக்கம் பார்த்தேன். எங்கேயாவது ஒளிந்துகொண்டு அழுகிறானோ என்று பயம் வந்துவிட்டது. கடைசியில் கிளப்பின் பின்பக்கம் பந்துச் சத்தம் கேட்டுப் போனேன்.

அங்கே யூரி சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தான். எதிரில் நின்றவன் ஃபகுந்தோ.

"டேய்! உன் வயித்துல அடிச்சவனுக்கே பந்து போட்டுக்கிட்டிருக்கியா? வெக்கமா இல்ல?"

"நாளைக்கு அவன்கூட ஆடப்போறவனும் இடக்கைதான்மா. பழகிக்கணும்னு கேட்டான்."

ஃபகுந்தோ தொப்பியைக் கழற்றினான். "ஆன்ட்டி, இந்தப் பிரேசில்காரன் நல்லவன். டான்ஸ்தான் வராது."

"வாய மூடுறா அர்ஜென்டினா," என்றான் யூரி. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அடுத்த போட்டி குரிச்சிபால," என்றான் ஃபகுந்தோ. "நான் தோத்ததும் கார்ல கிளம்பறேன். இடம் இருக்கு, இவன் வரட்டுமே. அங்க யார்கிட்டயாவது ஜெயிச்சுத் தொலைப்பான்."

யூரி குனிந்து பந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நான் வரல. அமெரிக்கா போறேன். அம்மாகிட்ட சொன்னது சொன்னதுதான்."

அழவில்லை, முறைக்கவில்லை. பந்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான். வீட்டில் போட்ட அந்தச் சண்டையையே மறுபடி போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். இவன் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்றான். பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஃபகுந்தோ என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உன் கார்ல முன் சீட்டுல யாரு?" என்று அவனிடம் கேட்டேன்.

"என் பை, ஆன்ட்டி."

"பைய பின்னாடி போடு. இவன முன்னாடி உக்கார வை. பின்னாடி உக்காந்தா இவன் வாந்தி எடுப்பான்."

யூரி நிமிர்ந்தான். கையில் இருந்த பந்துகளெல்லாம் கீழே விழுந்து உருண்டன.