செம்மணலில் ஒரு செம்பூனை

என் கணவன் டெல்மர் வெளியே தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் பூனையைக் காணவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நண்பகலுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது கேரவன் பூங்காவின் விதி. எங்களுக்குப் பிறகு அந்த இடத்தைப் பதிவு செய்திருந்த குடும்பம் முன்னதாகவே வந்துவிட்டது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, எங்களையே பார்த்தபடி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள்.

பூனையின் பெயர் சாஸ். எங்கள் யூட்டாவில் உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளும் செம்மஞ்சள் சாஸின் நிறம் அவளுக்கு. வேறு எங்கே தொலைந்திருந்தாலும் கண்ணில் பட்டிருப்பாள். இங்கே மணல் அந்த நிறம், பாறை அந்த நிறம், நீர்த்தேக்கத்தின் கரையும் அந்த நிறம். சுருண்டு படுத்த பூனையைப் போலவே ஆயிரம் கற்கள் கிடந்தன. ஒவ்வொன்றிடமும் ஓடி ஓடி ஏமாந்தேன்.

"உன் அக்கா வீட்டுல விட்டுட்டு வரலாம்னு சொன்னேனா இல்லையா?" என்றான் டெல்மர்.

"இப்ப அந்தப் பேச்சு எதுக்கு? அவ எனக்கு உன்னைவிடப் பழக்கம், தெரியும்ல?"

உண்மைதான். டெல்மர் என் வாழ்க்கைக்குள் வருவதற்கு முன்பிருந்தே அவள் என் கால்மாட்டில் தூங்குகிறவள்.

"சரி லவீனா, ஸ்லைடை மூடிட்டு, வண்டியை அந்தப் பக்கம் நிறுத்திட்டுத் தேடுவோம். பாவம், அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

ஸ்லைடு என்பது எங்கள் கேரவனின் ஒரு பக்கச் சுவர். பொத்தானை அமுக்கினால் சோபாவோடு சேர்ந்து மேசை இழுப்பறை போல வெளியே நீளும். கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சோபாவுக்கு அடியில் ஒரு இருட்டுச் சந்து உண்டு. பூனைகளுக்கு அந்தச் சந்து என்றால் உயிர். சுவர் உள்ளே வரும்போது அங்கே படுத்திருந்தால் அந்த உயிரே போய்விடும். கேரவன்காரர்கள் இந்தக் கதையை தீ மூட்டி உட்காரும் இடமெல்லாம் சொல்லுவார்கள். நான் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வேன்.

"டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். அங்க இல்ல" என்றான்.

"அவ என் கண்ணுல படற வரைக்கும் அந்தப் பொத்தான்ல கை வச்சே, நீ தொலைஞ்ச."

பக்கத்து இடத்தில் தங்கியிருந்த கிளைவ் பெரியவரும் தேட வந்தார். ஐடஹோக்காரர், மனைவி போன பிறகு தனியாகவே ஊர் சுற்றுகிறவர். மீன்பிடிச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே போட்டுவிட்டு வந்து, முட்டி வலியோடு புதர் புதராகக் குனிந்து பார்த்தார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"ராத்திரி பாலைநரி ஊளையிட்டுச்சே, கேட்டியாம்மா? அதுக்குக் காலைச் சாப்பாடு ஆகியிருக்கும்."

"ஐயா, தயவுசெய்து!"

"சும்மா சொன்னேன். அது நரியையே தின்னுடற பூனை. உடம்பைப் பாத்தேனே."

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் கிளம்பணும்மா. இருட்டறதுக்குள்ள மலையைத் தாண்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெல்மர் படகுத்துறைப் பக்கம் போனான். நான் முகாமுக்குப் பின்னாலிருந்த பாறை மேல் ஏறினேன். மேலிருந்து பார்த்தால் ஒருவேளை ஏதாவது அசைவது தெரியும். ஒரு கையில் திறந்த டூனா டின். "சாஸ்! சாஸ்!" என்று கத்தினேன். வெயில் பாறையில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கீழே நீர் அசையாமல் கிடந்தது. அவளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. சாயங்காலம் இந்தப் பாறைகள் குளிர்ந்த பிறகு, எங்கள் இடத்தில் வேறு யாருடைய கேரவனோ நிற்கும்போது, அவள் வந்து மோந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்போதுதான் மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கேரவனின் சுவர் மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. டூனா எண்ணெய் கையெல்லாம் வழிந்தது. திறந்திருந்த கதவு வழியாகப் பாய்ந்தேன். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே எல்லாம் கறுப்பு. பொத்தான் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு முதுகு. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"யோவ், அறிவிருக்கா உனக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? எடுய்யா கையை, எருமை!"

மோட்டார் நின்றது.

"அம்மா," என்றது முதுகு, "நான் கிளைவ்."

கண் தெளிந்தது. அதே சோபா, அதே திரை, அதே மரநிற அலமாரி. ஆனால் மூலையில் தூண்டில் கழிகள். சுவரில் எனக்குத் தெரியாத ஒரு பெண்மணியின் படம்.

"ஐயோ! மன்னிச்சிடுங்க ஐயா. எங்க வண்டின்னு நெனச்சு…"

"உன் வீட்டுக்காரரை நீ தினமும் இப்படித்தான் கொஞ்சுவியா? பாவம் மனுஷன்." தொப்பி ஆடும்படி சிரித்தார். "ஒரே கம்பெனி, ஒரே வருஷம், வெளியில வரைஞ்சிருக்கற சுழிக்கோலமும் அதே. நேத்து நானே உங்க கதவுல சாவியைப் போட்டுத் திருகினேன். யார்கிட்டயும் சொல்லாத."

வெட்கத்தோடு படியில் ஒரு காலை வைத்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். மாதக்கணக்காக எங்கள் வண்டியில் வாழ்ந்த நானே வாசல் தவறிவிட்டேன்.

"ஐயா, காலையில சாமான் ஏத்தும்போது கதவைத் திறந்தா போட்டிருந்தீங்க?"

அவர் சிரிப்பு அப்படியே உறைந்தது.

இருவரும் மண்டியிட்டோம். அவர் செல்போன் வெளிச்சத்தைச் சோபாவுக்கு அடியில் காட்டினார். சந்து பாதிக்குமேல் குறுகியிருந்தது. அதன் கடைசியில் இரண்டு பச்சைக் கண்கள்.

"வெளிய தள்ளணும்" என்றார். "எந்தப் பொத்தான்? எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. நான் குத்துமதிப்பா அமுக்கறதுதான். இப்ப என்னால முடியாதும்மா."

எங்கள் வண்டியில் மேல் பொத்தான் வெளியே. இங்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். சுவர் ஒரு குலுக்கலோடு வெளியே நகர்ந்தது.

சாஸ் நிதானமாக வந்தாள். முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தாள். கொட்டாவி விட்டாள். பிறகு என் கையிலிருந்த டூனா எண்ணெயை நக்க ஆரம்பித்தாள். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். என்னைவிடப் பெரிதாக அழுதது கிளைவ்தான்.

கொஞ்ச நேரத்தில் டெல்மர் முழங்கால் வரை நனைந்து வந்து சேர்ந்தான். எங்கள் வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் கேட்டு இங்கே எட்டிப் பார்த்தான்.

"படகுத்துறையில ஒருத்தன், 'சாஸ் இல்லப்பா, கெட்சப் இருக்கு, வேணுமா'ன்னு கேக்கறான்…" என்று ஆரம்பித்தவன் எங்களைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தான். பூனையைக் கேட்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

கிளைவ் அதற்குப் பிறகும் பொத்தானைத் தொட மறுத்தார். "அவளைத் தூக்கிக்கிட்டு வெளிய ஜன்னலுக்கு நேரா போய் நில்லுங்க. நான் பாக்கற மாதிரி."

நின்றோம். டெல்மர் அவளை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தான். அவள் கோபத்தில் காற்றை உதைத்தாள். சாலையோரக் குடும்பம் சாண்ட்விச்சை மறந்து இறங்கி வந்து வேடிக்கை பார்த்தது.

"ஒரு பூனைதானே உங்களுக்கு?" கிளைவ் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஐயா!"

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"ஒண்ணுதான்!"

மோட்டார் முனகியது. சுவர் தன் இடத்தில் போய்ப் பொருந்தியது.