நேர்கோட்டில் இரண்டே கால்

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று… எடுத்து வைக்கும் ஒரு எட்டுக்கு இரண்டடி என்று குறைத்து வைத்தாலும் இரண்டு கிலோமீட்டர் ஆகிவிட்டதே, இன்னும் ஓடைகூட வரவில்லையே என்று தனசேகரன் வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். தோள்பையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள். முன்னால் குஞ்சம்மாள், பஸ்ஸும் நிற்கும் நடுநிலைப் பள்ளியும் இருக்கும் ஊரிலிருந்து ஈச்சங்காட்டு வளவு என்ற மலைக் குடியிருப்புக்கு அவரைக் கூட்டிப் போக வந்தவள், தலையில் ரேஷன் அரிசியோடு செருப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். எண்ண வேண்டாம் என்றுதான் புறப்படும்போது நினைத்தார், எண்ணி என்ன ஆகப்போகிறது, மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதியாகிவிட்டது, நடுநிலைப் பள்ளிக்கும் வளவுக்கும் இடையே தூரம் 2.25 கி.மீ., கீழே தனசேகரன், பட்டதாரி ஆசிரியர், கள்ளக்குறிச்சி, தேதியோடு. மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தால் வளவுக்கு ஆறாம் வகுப்பு கிடையாது, அந்த விதி தெரியாமலா எழுதினார்? தெரிந்துதான். பதினாலு வளவுகள், ஒரு வரைபடம், ஒரு மர ஸ்கேல், மேலே மின்விசிறி, பூகோள வாத்தியார்தானே சார், மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க என்று அதிகாரி சொன்னதும் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்தார். சார் கை வேகமே வேகம் என்றார்கள். அன்று முழுக்க அந்த வார்த்தை இனித்தது, வீட்டுக்குப் போய் மனைவி ஜெயம்மாளிடம்கூடச் சொன்னார்… சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“இன்னா சார், மூச்சு வாங்குதா? கீழ்நாட்டுக் காலு, அப்பிடித்தான் இருக்கும். குந்திட்டுப் போலாம் வாங்க.” வேண்டாம் என்று கையை ஆட்டினார், உட்கார்ந்தால் அவள் பேசுவாள், பேசினால் பள்ளிக்கூடம் வரும். ஆனால் ஓடைக்குள் கால் வைத்ததும் அவளாகவே ஆரம்பித்துவிட்டாள். “இங்கயே ஆறாவது வேணும்னு கேட்டோம் சார். எவனோ ரெண்டேகாலுன்னு எழுதிக் குடுத்துட்டானாம். எழுதினவனுக்குக் காலு இருந்துச்சோ இல்லியோ.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், அவரும் சிரித்தார், ஏன் சிரித்தோம் என்று தண்ணீரைப் பார்த்தார், கணுக்கால் அளவுதான், மழைக்காலத்தில்? “வாத்தியாருக்கு மனு எழுதத் தெரியுமில்ல? தப்பா அளந்துட்டாங்கன்னு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

தப்பா அளந்துட்டாங்க. அந்தச் சொல்லை அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார், மேட்டில் ஏறும்போது மூச்சுக்கு நடுவே மனு தானாகவே வரிசைப்பட்டது, அனுப்புநர் ஊர்ப் பொதுமக்கள், பொருள் தூர அளவில் நேர்ந்த பிழை, ஆம், பிழை, பிழை யாருக்கும் வரும், ஸ்கேல் நழுவியிருக்கும், வரைபடம் பழையதாக இருந்திருக்கும்… ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நூலைக் கொடுத்து, பாதை வளைகிற இடமெல்லாம் நூலையும் வளைத்து வையுங்கடா, பிறகு நிமிர்த்தி அளவுகோலில் வைத்துப் பாருங்கள் என்று சொன்னது யார், உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே செங்குத்து என்று சொல்லிக்கொடுத்தது யார்? அன்றைக்கு அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பழுப்புக் கோடுகள் கைரேகை மாதிரி ஒட்டி ஒட்டிக் கிடந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார், பார்த்துவிட்டு அவற்றின் மேலேயே ஸ்கேலை வைத்தார். நூல் பையில்தான் இருந்தது. பதினாலு தடவை யார் வளைத்துக்கொண்டிருப்பது என்று தோன்றியது, அவ்வளவுதான், வேறு காரணமே இல்லை, ஒரு காரணமாவது இருந்தால் இவ்வளவு கூசியிருக்காது.

வளவுக்குள் நுழையும்போது எட்டு பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது, கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர், அதற்கு மேல் எண்ணவில்லை. குஞ்சம்மாள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டாள். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றாள், அவள் மகள். பெயர்? “கண்ணகி.” வயது? “பதிமூணு நடக்குது” என்றாள் தாய். படிக்கிறாளா என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை உதறினார், மை வரத்தான் செய்தது. “அஞ்சோட நின்னுட்டா சார். போவ ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், பொட்டப்புள்ளைய எப்பிடி அனுப்பறது? மழை வந்தா ஓடையில எறங்கவே முடியாது.” இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டார், அதே பேனா, அதே கை.

அப்போது மணி கேட்டது. தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணி, மெலிதாக, ஆனால் தெளிவாக. “சோத்து மணி அடிச்சிட்டான், இன்னும் ஒல வெக்கலையே” என்று குஞ்சம்மாள் எழுந்தாள். “சோத்து மணி இல்லம்மா, மூணாவது பீரியடு முடிஞ்சிருக்கு” என்றாள் கண்ணகி, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். அவர் திரும்பிப் பார்த்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வெயிலில், பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. இரண்டே கால்தான். சுத்தமாக இரண்டே கால்.

ஸ்கேல் நழுவவில்லை, வரைபடம் பழையதில்லை, அளவு சரி. வழியெல்லாம் ஏந்திக்கொண்டு வந்த பிழை என்ற சொல் வாயிலேயே கரைந்துவிட்டது. “எழுதுங்க சார்” என்று குஞ்சம்மாள் எங்கிருந்தோ ஒரு முழுத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள், மடித்த தடம் இருந்தது, பத்திரப்படுத்தி வைத்திருந்தாள் போல. தப்பாக அளந்தார்கள் என்று எழுதினால் அது பொய், யாராவது வந்து ஸ்கேலை வைத்தால் மனு தள்ளுபடி. நடை தூரம் ஏழு கிலோமீட்டர் என்று மட்டும் எழுதினால், கோப்பில் கையெழுத்தோடு இரண்டே கால் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அளந்தவர் நடந்து பார்க்கவில்லை என்று எழுதலாம், அது உண்மை, மனுவும் நிற்கும்… ஆனால் அளந்தவர் நடக்கவில்லை என்பது இந்த ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே, யார் சொன்னது என்று கேட்பார்களே. ஐயா, வணக்கம் என்று எழுதி நிறுத்தினார். கண்ணகி புடைப்பதை விட்டுவிட்டு, அடுத்த எழுத்து என்ன என்று பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.