ஏழாம் பக்கத்துக் கையெழுத்து

வக்கீலின் அறை நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் படியேறித்தான் வந்தார்கள். இரண்டு வருஷமாக அவள் லிஃப்டில் கால் வைப்பதில்லை. அவளுடைய தம்பி இவரிடம்தான் வேலை செய்தான். ஒரு நாள் லிஃப்ட் பெட்டி வந்து நிற்காமலே ஒரு கதவு திறந்துகொண்டது. உள்ளே இருட்டில் காலை வைத்தவன் ஆறு மாடி கீழே போய் விழுந்தான்.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக் அந்தப் பூட்டைச் செய்தார். உள்ளங்கையளவு இரும்பு. பெட்டி வந்து நின்றாலொழிய கதவைத் திறக்க விடாது. ஒரு கம்பெனி, கண்டுபிடிப்பை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோகிறோம் என்று சொல்லி ஒப்பந்தம் போட்டது. பூட்டின் உரிமை முழுக்க அவர்கள் கைக்குப் போயிற்று. பதினான்கு மாதமாக அவர்கள் அதைப் பதிவு செய்யவும் இல்லை, தயாரிக்கவும் இல்லை. வேறு யாரிடமாவது காட்டினால் வழக்குப் போடுவோம் என்று மட்டும் கடிதம் வந்தது.

வக்கீல் அம்மா பூட்டை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே ஒரு சட்டம் இருக்கு. கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி, இதுவரைக்கும் எத்தனை பேர் கண்டுபிடிப்போட அவங்ககிட்ட வந்தாங்க, அதுல எத்தனை பேருக்கு லாபம் கிடைச்சுதுன்னு எழுத்துல காட்டணும். காட்டலேன்னா ஒப்பந்தமே செல்லாது. பூட்டு திரும்ப உங்களுக்குத்தான்."

"அப்படி எதுவும் காட்டலைம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"டீ கொடுத்தாங்க. பேனா கொடுத்தாங்க. அவ்வளவுதான்."

"அந்தப் பேனாவை வீட்டுக்கு வேற கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினாரு," என்றாள் மனைவி.

வக்கீல் சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. தாளை மெக்கானிக் பக்கம் தள்ளினார்.

வந்தவர்கள் மூவாயிரத்து நூற்றுப் பதினேழு பேர். லாபம் கண்டவர் ஒருவருமில்லை. கண்ணில் குத்துகிற மாதிரிப் பெரிய எழுத்து. அதற்குக் கீழே, 'படித்துப் பார்த்தேன்' என்ற கட்டத்துக்குள் அவருடைய கையெழுத்து, கோடு தாண்டாமல், அழகாக.

"படிக்க விடாம அவசரப்படுத்தினாங்களா? அப்படின்னாலும் ஒரு வழி இருக்கு."

மெக்கானிக் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"இல்லைம்மா. நிதானமா படிங்கன்னுதான் சொன்னாங்க. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் இருந்துது, லிஃப்டுல தொங்குற அட்டை மாதிரியே. சோதிச்சுப் பார்த்தேன்னு மாசாமாசம் அதுல கையெழுத்துப் போடுவோம். கட்டத்தைப் பார்த்தா கை தானா போயிடுது."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மனைவி தாளைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி விழுந்த மாசத்து அட்டையிலயும் கை தானாத்தான் போச்சா?"

வக்கீலுக்கு எதுவும் விளங்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மெக்கானிக் பூட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஜிப்பை மூட இரண்டு தடவை முயன்று, மூடாமலே விட்டார்.

"வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"இங்கயே சொல்லுங்க," என்றாள்.